கொலோன் கட்சி

தம்பி, அந்தக் கேள்வியை மட்டும் இந்த ஊரில் கேட்டுவிடாதீர்கள். ‘இது ஐரோப்பாவில் எந்தக் கோவிலைப் பார்த்துக் கட்டியது?’ என்று என்னிடம் கேட்டீர்கள், சரி, நான் சாதுவான ஆள். கீழத்தெருவில் கேட்டிருந்தால் கேமராவை முழுசாகக் கொண்டுபோயிருக்க மாட்டீர்கள். மேலத்தெருவில் கேட்டால் காப்பி கொடுத்து உட்காரவைத்து, பொழுது சாயும் வரை பதில் சொல்லுவோம். நான் மேலத்தெரு.

உட்காருங்கள். உங்கள் கன்னியாகுமரி பஸ்சுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. நானா? நான் பஸ்சுக்கு நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை சும்மா போட்டது, ஞாயிற்றுக்கிழமை இல்லையா? இன்றைக்குத் தூத்துக்குடியில் என் பேரனுக்கு ஞானஸ்நானம். மகள் ஜெசிந்தாவின் பிள்ளை, தலைச்சன். நாலு மணிக்கு. வீட்டுக்காரி அமலி விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். நான் போகவில்லை. போகமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. ஏனென்றால், அதோ நிற்கிறதே, அதனால்தான்.

நன்றாகப் பாருங்கள். முன்னால் இரண்டு கோபுரம், தலையில் கம்பியை நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கின்றன. அது கொலோன், ஜெர்மனி தேசத்துக் கோவில். பின்னால் வட்டமாக ஒரு சுவர், தண்ணீர்த் தொட்டி கட்டத் தொடங்கி மறந்துபோன மாதிரி நிற்கிறது பாருங்கள், அது ரோமாபுரி. போப்பாண்டவரின் இராயப்பர் கோவில், புனித பேதுருவின் கோவில். அதன் கும்மட்டம், டோம் என்பார்களே, அது. கும்மட்டத்தைக் காணோமே என்கிறீர்களா? அதைத்தான் நானும் கேட்கிறேன். எங்கே கும்மட்டம்? போய் பெனடிக்ட் மச்சாதுவைக் கேளுங்கள்.

முதலில் எங்களுக்கு இருந்தது ஒரு சின்னக் கோவில். ஓட்டுக் கூரை, ஒற்றை மணிக்கூண்டு, சுண்ணாம்புச் சுவர். யாருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் கட்டும் வரைக்கும் இல்லை. அவன் ஒரு கோபுரத்தைத் தூக்கினான் பாருங்கள், கடலில் எங்கே நின்றாலும் அதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் எங்கள் படகுகள் எங்கள் மணிக்கூண்டையும் அதற்குப் பின்னால் நிற்கும் ஒற்றைப் பனையையும் நேர்கோட்டில் வைத்துக் கரை பிடிக்கும். இப்போது எங்கள் பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கோபுரத்தைப் பார்த்து வீட்டுக்கு வருகிறார்கள். இது ஒரு மானமுள்ள ஊர் பொறுக்கிற காரியமா? நீங்களே சொல்லுங்கள்.

இடித்தோம். ஒரே நாளில் இடித்தோம். ஓடு விழ விழ, கைதட்டினோம். புதுக் கோவில் என்றால் சாதாரணக் கோவில் கூடாது, ஐரோப்பாவில் இருக்கிற கோவில்களிலேயே எது உசத்தியோ அதுதான் வேண்டும் என்று ஊரே ஒரு குரலில் சொன்னது. எது உசத்தி என்று கேட்டபோதுதான் குரல் இரண்டாயிற்று.

பங்குச் சாமியார் நல்ல மனுஷர், ஆனால் விவரம் போதாது. பெரிய பெரிய படமாகப் பிரிண்ட் எடுத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டு, “எல்லாரும் பாருங்க, பேசுங்க, ஒரு முடிவுக்கு வாங்க” என்றார். மீன்பிடிக்கிற ஊரில் பேசி முடிவுக்கு வருவதா?

ஒருவன் பீசா கோபுரத்தைக் காட்டினான். “இந்தச் சாய்ஞ்ச கோபுரத்த வச்சா உலகமே வந்து பாக்கும்லா?” “அதுக்குத் தனியா பிளான் எதுக்குலே? நம்ம காண்ட்ராக்டர் நேரா கெட்டுனாலே அப்படித்தான் நிக்கும்” என்றான் இன்னொருவன். மிலான் கோவிலுக்கு நாலு பேர் கை தூக்கினார்கள். உச்சியெல்லாம் ஊசி ஊசியாக, மீன்முள்ளைக் குத்திவைத்த மாதிரி. மீன் விற்கிற சலேத்தம்மாள் அந்தப் படத்துக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏ சாமி, இது நிழலு எந்தப் பக்கம் விழும்?” என்றாள். சாமியாருக்கு விளங்கவில்லை. “கருவாடு காயப்போடுத இடத்துல விழுந்தா நாங்க எங்க போவோம்? ஐரோப்பாக்காரி கருவாடு போடமாட்டா. நாங்க போடணும்லா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோவிலைப் பற்றிப் பேசும்போது கருவாட்டைப் பற்றிப் பேசுகிற சனம், என்ன செய்வது?

நான் எழுந்து நின்றேன். தம்பி, நான் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிறவன். முழங்கால் போனபிறகு கடலுக்குப் போவதில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த நேரமெல்லாம் செல்போனில் நான் பார்த்தது சினிமா இல்லை, கோவில்கள். பாரீசு, செவில், பார்சிலோனா, எல்லாம் பார்த்தாயிற்று. கொலோனைப் பார்த்த அன்றைக்கு எனக்கு மூச்சு நின்றது. கறுத்துப்போய், இரட்டையாக, வானத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அதைக் கட்டி முடிக்க அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று தெரியுமா? தொடங்கினவன் பேரனுக்குப் பேரன்கூட முடிவைப் பார்க்கவில்லை. நடுவில் நூற்றுக்கணக்கான வருஷம் வேலையே நடக்காமல் கிடந்தது. இருந்தும் விட்டானா? அதுதான் கோவில். இதைச் சொன்னேன்.

அப்போதுதான் பெனடிக்ட் மச்சாது எழுந்தார். யார் என்று கேட்கிறீர்களா? அமலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எனக்கு மச்சான். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆள். அவர் மகன் டெரன்சுக்கும் என் மகள் ஜெசிந்தாவுக்கும் அந்த வருஷம்தான் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். சம்பந்தியாகப் போகிற மனுஷன், எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன்.

“மாப்ள சொன்னதெல்லாம் சரி” என்றார். “ஆனா அவரு பாத்தது செல்போனுல. நான் ரோமாபுரியில இராயப்பர் கோவிலுக்குள்ளயே நின்னவன். கப்பலு நேப்பிள்சுல நின்னப்ப போனேன். கும்மட்டத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தேன், தலையில கெடந்த தொப்பி கீழ விழுந்துட்டு.”

“தொப்பி விழுந்ததுக்குக் கோவிலு என்ன செய்யும் மச்சான்? உங்க தல சிறுசு” என்றேன்.

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இப்போது நினைத்தாலும் அது நல்ல பதில்தான். மச்சாது சிரிக்கவில்லை. அவர் ஆள் அப்படி, வேடிக்கை தெரியாது.

“ஊசிக்கோபுரம்னா என்ன மாப்ள? நட்டு வச்ச கடப்பாரை.”

“கும்மட்டம்னா என்ன மச்சான்? கவுத்துப் போட்ட பானை.”

“பானைக்குள்ளதான்வே சோறு வேகும்!”

“கடப்பாரை இல்லாம அடுப்புக் குழியே வெட்ட முடியாது!”

இப்படித்தான் தொடங்கியது. மேலத்தெரு கொலோன் கட்சி, கீழத்தெரு ரோமாபுரி கட்சி. பிள்ளைகள் கபடி ஆடினால்கூட ஒரு பக்கம் ஜெர்மனி, ஒரு பக்கம் இத்தாலி. மச்சாது தெருவில் போனால் எங்கள் பையன்கள் தலைக்கு மேல் இரண்டு விரலைக் கூர்மையாகக் காட்டுவார்கள். என்னைப் பார்த்தால் அவர்கள் ஆட்கள் தொந்தியைத் தடவிக் கும்மட்டம் காட்டுவார்கள். ஜெசிந்தாவும் டெரன்சும் அந்த நாளில் போனில் என்ன பேசிக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. நான் எதற்குக் கேட்கிறேன்?

நாகர்கோவிலிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தான், மீசை முளைத்தும் முளைக்காத பையன். கொலோனில் சுவருக்கு வெளியே சாய்வாகத் தாங்கு கால்கள் நிற்கும், அதெல்லாம் வேண்டும் என்றேன். “கல்லுக் கட்டடம் சரியாம இருக்கத்தான் சார் அது. நாம கான்கிரீட் போடறோம், தேவையே இல்ல” என்றான். “தேவையின்னு பாத்தா கல்யாணத்துக்குத் தாலி போதும் தம்பி. பட்டுச்சேலை எதுக்குக் கெட்டுதோம்?” என்று கேட்டேன். தாங்கு கால் போட்டோம். அதோ, அந்த ஆறு காலும் அதுதான். எதையும் தாங்கவில்லை, உண்மை. ஆனால் அழகு.

எந்தப் பஸ் இது? தூத்துக்குடியா? போகட்டும், போகட்டும். ஏம்ப்பா, நான் ஏறல, நீ போ! பார்த்தீர்களா, வெள்ளைச் சட்டையைக் கண்டால் நிறுத்திவிடுகிறான்.

எங்கே விட்டேன்? ஆம். சாமியார் பயந்துபோய் ஒரு சமரசம் சொன்னார். முன்னால் கொலோன், பின்னால் ரோமாபுரி. இரண்டு கட்சிக்கும் சம்மதம். தெறிப்பு தெரியுமா உங்களுக்கு? பிடிபட்ட மீனில் கோவிலுக்கென்று ஒதுக்குகிற பங்கு. மேலத்தெருப் படகுத் தெறிப்பெல்லாம் கோபுரத்துக்கு, கீழத்தெருப் படகுத் தெறிப்பெல்லாம் கும்மட்டத்துக்கு என்று பிரித்தோம். பிரித்தால் என்ன ஆகும்? போட்டி. அவர்கள் வட்டச்சுவரை ஒரு வரிசை ஏற்றினால் நாங்கள் கோபுரத்தை இரண்டு வரிசை ஏற்றுவோம். பிளானில் இருந்த உயரத்துக்கு மேல் நாங்கள் ஏற்றினோம் என்று சொல்லுகிறார்கள். எவ்வளவு ஏற்றினோம்? ரெண்டு ஆள் உயரம். மிஞ்சிப்போனால் மூன்று. கொலோன் உயரத்துக்கு அது ஒரு உயரமா?

அந்த மழைக்காலத்தில் வட்டச்சுவரில் விரிசல் விட்டது. கோபுரத்துப் பாரத்தில் அஸ்திவாரம் இறங்கிவிட்டது, அதனால்தான் பின்னால் விரிசல் என்று இஞ்சினியர் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர்ப்பக்கமே வரவில்லை. நான் கேட்கிறேன், கோபுரம் முன்னால் நிற்கிறது, விரிசல் பின்னால் விடுமா? நான் செருப்புப் போட்டால் உங்கள் கால் கடிக்குமா? பானை நல்ல பானையாக இருந்தால் ஏன் விரிகிறது? ஆனால் வேலை நின்றுபோயிற்று. நின்றது நின்றதுதான். பூசை தகரக் கொட்டகையில்.

இவ்வளவுக்கும் நடுவில் என் மகள் கல்யாணம். ஜெசிந்தா திருச்செந்தூரில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுமைசாலி, வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

“அப்பா, கொட்டகையிலயே வச்சிருவோமாப்பா?”

“தகரத்துக்குக் கீழயா? என் மகளுக்கா? கோபுரம் முடியட்டும். கோபுர வாசல் வழியா நீ நடந்து வரணும். அத நான் பாக்கணும்.”

“எப்பப்பா முடியும்?”

“கொலோன்காரன் அறுநூறு வருசம் பொறுத்தான். நீ கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?”

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “எனக்கு இருபத்தேழு நடக்குப்பா” என்றாள். சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள். நான் கோவிலின் வயதைப் பற்றிப் பேசுகிறேன், அவள் தன் வயதைச் சொல்லுகிறாள். இதில் என்ன பொருத்தம்? வளர்த்த பிள்ளைக்குக்கூடப் பெரிய விஷயம் விளங்கவில்லை என்று எனக்கு அன்றைக்கு மனசே விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு மச்சாது எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். சட்டைப் பொத்தானை ஒழுங்காகக் கூடப் போடவில்லை.

“மாப்ள, நம்ம சண்டை நம்மளோட கெடக்கட்டும். பிள்ளையள வாழ விடுவோம்.”

“தாராளமா. ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். கொலோன்தான் பெருசுன்னு.”

“ஊருக்கு முன்னால எதுக்கு? இப்பவே சொல்லுதேன். கொலோன்தான் பெருசு. உம்ம கோபுரந்தான் உசத்தி. நான் பாத்தது ஒண்ணும் பெருசில்ல. போதுமா? நாள் குறிப்போம்.”

சொன்னார் தம்பி. நான் மறைக்கவில்லை. சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார்? துட்டி வீட்டில், பிணத்துக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துச் சொன்னார். அது சொன்னதாகுமா? நம்பிச் சொல்லவேண்டாமா? “மனசுலேருந்து சொல்லல மச்சான், போயிட்டு மனசு வந்தப்புறம் வாங்க” என்றேன். அமலி அடுப்படியிலிருந்து வந்து, “மனுசனா நீரு?” என்று என்னைக் கேட்டாள். என்னை! இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தினவள்.

அவர் திரும்ப வரவில்லை. டெரன்சுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. அங்கே ஒரு காலனிக்குள் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. கோபுரமும் கிடையாது, கும்மட்டமும் கிடையாது. ரேசன் கடை மாதிரி ஒரு கட்டடம், மேலே ஒரு சிலுவை. அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அமலி போனாள். நான் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். நான் கேட்கவில்லை.

பின்னாலே கல்யாண ஆல்பம் அனுப்பினாள். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. ஸ்டுடியோக்காரன் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் வெளிநாட்டுப் படம் வைத்து அச்சடிப்பான் இல்லையா? எல்லாப் பக்கத்திலும் ஈஃபல் டவர். தம்பி, ஈஃபல் டவர்! அது ஒரு கட்டடமா? சுவர் இருக்கிறதா? கூரை இருக்கிறதா? கரண்டுக் கம்பி போகிற கோபுரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஐரோப்பா முழுக்க இவ்வளவு கோவில் கிடக்க, என் மகள் போய் இரும்புச் சட்டத்துக்கு முன்னால் நிற்கிறாள்! அமலியிடம் கத்தினேன். அவள் சொல்லுகிறாள், “ஸ்டுடியோக்காரன் மொதல்ல கும்மட்டந்தான் வச்சான், அப்பா பாத்தா நோவும்னு எடுக்கச் சொன்னா. கோபுரம் வச்சான், மாமா பாத்தா நோவும்னு அதையும் எடுக்கச் சொன்னா. ரெண்டும் இல்லாததா அரைநாளு தேடுனா ஒம்ம மக.” தேடட்டும். தேடி எடுத்தது இதுவா? ரசனை வேண்டாமா? என் மகளாகப் பிறந்துவிட்டு, கட்டடம் எது கம்பி எது என்று தெரியவேண்டாமா?

இதோ, அடுத்த பஸ்சும் வந்தாயிற்று. இதில் ஏறினால்கூட நேரத்துக்குப் போய்விடலாம். நாற்பது நிமிஷம்தான்.

இல்லை, போகட்டும். உங்களிடம் பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

போன வாரம் ஜெசிந்தாவே போன் பண்ணினாள். கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்கிறேன். “அப்பா, ஞாயித்துக்கெழம நாலு மணி. நீங்க வந்தா போதும். ஒண்ணும் பேசவேண்டாம்பா. சும்மா வந்து நில்லுங்க” என்றாள். கேட்டீர்களா? ஒன்றும் பேசவேண்டாமாம். நான் வருவதானால் வாயைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஊமையாக வந்து ஒரு மூலையில் நிற்கவேண்டும். மச்சாது பேசலாம், அவர் சம்பந்தி, நடுவில் நின்று எல்லோரையும் வரவேற்கலாம். நான் வாயைத் திறந்தால் மட்டும் குற்றம். நான் என்ன பேசிவிடப்போகிறேன்? உண்மையைத்தானே பேசுவேன்! அந்தக் காலனிக் கட்டடத்தைப் பார்த்து, இது கோவில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அது தப்பா?

என் போன்தான். அமலி. அடிக்கட்டும்.

அடிக்கட்டும், நின்றுவிடும்.

பாருங்கள், நின்றுவிட்டது. மறுபடி அடிக்கிறது. இது மச்சாது நம்பர். எவ்வளவு தைரியம் பார்த்தீர்களா? சாமியார் காத்துக்கொண்டிருக்கிறார், வருகிறீரா இல்லையா என்று கேட்பார். எடுத்தால் ஏதாவது சொல்லத் தோன்றும். ஒன்றும் பேசவேண்டாம் என்றாளே, பேசவில்லை. நான் எடுக்கவில்லை. அவள் சொன்னபடிதான் செய்கிறேன்.

மணி என்ன தம்பி உங்கள் கடிகாரத்தில்?

நாலேகாலா?

அப்படியானால் இனிமேல் அடிக்கமாட்டார்கள். இப்போது தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். பிள்ளை அழுதிருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலையில் தண்ணீர் பட்டால் ஆகாது. ஜெசிந்தாவுக்குப் பழைய கோவிலில் ஊற்றினார்கள். நான்தான் கையில் வைத்திருந்தேன். வீலென்று ஒரு அழுகை. அந்தக் கோவிலில் ஒரு சத்தம் போட்டால் அது உடனே அடங்காது தம்பி. ஓட்டுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி நம்மிடமே வரும். அவள் அழுது முடித்தபிறகும் மேலே இன்னொரு பிள்ளை அழுதுகொண்டிருந்த மாதிரி இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தோம். மச்சாது அப்போது லீவில் வந்திருந்தார், என் பக்கத்தில்தான் நின்றார். “மாப்ள, ரெண்டு பிள்ளை பெத்துட்டீரு” என்றார்.

சின்னக் கோவில்தான். அதில் என்ன இருந்தது?

அந்தக் காலனிக் கட்டடத்தில் அப்படியெல்லாம் கேட்காது. தட்டைக் கூரை. அழுகை வாசல் வழியாக நேரே ரோட்டுக்குப் போய்விடும்.

உங்கள் பஸ் வருகிறது. எழுந்திருங்கள், கையைக் காட்டினால்தான் நிறுத்துவான். இல்லை, ஒரு நிமிஷம். அவன் டீ குடிக்க இறங்குவான், எப்படியும் ஐந்து நிமிஷம் நிற்பான். தம்பி, உங்கள் போனில் பேச வசதி இருக்கிறதா? ஒரு நம்பர் சொல்லுகிறேன். ஜெசிந்தா நம்பர்தான். பையனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். முதல் பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர் வைப்பது எங்கள் வழக்கம், அப்படியானால் பெனடிக்ட். வைத்திருப்பார்கள், வைக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. வழக்கத்தை மாற்றி வேறு எதுவும் வைத்திருந்தால், அதைக் கேட்டுச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். நான் பேசமாட்டேன். பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

யார் பேசுவது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கோவிலைப் பார்க்க வந்தவன் என்று சொல்லுங்கள்.